தலையாட்டிய சாமி

புத்த பிக்குகள் யாத்திரை போன பழைய மலைப்பாதை என்று சொல்லி என்னை நேபாளத்துக்கு இழுத்துப் போனவர் என் பெரியம்மா மகன், அண்ணன். இருவருமே மலேசியாவில் டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள். வருஷம் தவறாமல் காவடி எடுப்பவருக்கு எல்லா மலையும் ஒன்றுதான்.

உயரத்தில் மூச்சுக் காற்றுப் போதாமல் எனக்குக் கால் பின்னியது. கண் செருகியது, நாக்கு குழறியது. வழிகாட்டி உடனே கீழே இறங்கச் சொன்னான். அண்ணன் அவனைத் தள்ளிவிட்டார்.

"தொடாதலா, அவனுக்கு அருள் வந்திருக்கு."

என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் பனியில் மண்டியிட்டார். எங்கள் எஸ்டேட் கோயிலில் சாமியாடியிடம் அப்படித்தான் குறி கேட்பார்கள்.

"சாமி, எனக்கும் காலையிலேர்ந்து தல வலிக்குது. மேல போலாமா?"

கழுத்து நிற்காமல் என் தலை ஆடியது. அவ்வளவுதான். என்மேல் எந்தச் சாமியும் இல்லை என்று கத்த எனக்கு மூச்சில்லை.

வழிகாட்டி என்னை முதுகில் சுமந்து இறக்கினான். உத்தரவு கிடைத்த தெம்பில் அண்ணன் தனியாக ஏறினார். மேலே இருந்த மடத்திலிருந்து அண்ணிக்குப் போன் போட்டு, சாமி தலையாட்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் அவர் உடலைத்தான் இறக்கினார்கள். கூடவே இறங்கியிருந்தால் பிழைத்திருப்பார், காலேஜ் வரை படித்த மனுஷன்.

ஊர் திரும்பியதும் புக்கிட் பெருவாங்கில் இருக்கும் அண்ணன் வீட்டில், அண்ணியிடம் எனக்கு வந்தது அருள் இல்லை, உயரத்தில் வருகிற நோய், அவரைக் கொன்றதும் அதுதான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி தம்பி. ஆனா சாமி ஏன் பொய் சொல்லிச்சு?"