முகம் தெரியாத மாணவர்களுக்குக் கணக்கு

வகுப்பில் தப்பாகப் போட்ட கணக்கைத் துடைத்துவிடலாம். வீடியோவில் போட்டுவிட்டால் அது நமக்கு முன்னால் ஊர் சுற்றிவிட்டு வரும். நான் செந்தூலில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். கைப்பேசியை மைலோ டின்னில் சாய்த்துவைத்து, சத்தம் விழுகிறதே என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் பாடம் பதிவு செய்து இணையத்தில் ஏற்றும் ஆசிரியர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

புள்ளி போன இடம்

தசமப் பெருக்கல் பாடம். 1.2-ஐ 0.3-ஆல் பெருக்கி, 3.6 என்று சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். 0.36 வர வேண்டும். கீழே யாரோ, "இவங்கல்லாம் டீச்சரா?" என்று கேட்டிருந்தார். படித்ததும் காது சூடாகிவிட்டது. மறுநாள் வகுப்பில் தப்பை ஒப்புக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் அந்த வீடியோவை அழித்துவிடுகிறேன் என்றேன்.

பின்வரிசையில் துளசி எழுந்தாள். அதுவரை அவள் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை.

"அழிக்காதீங்க டீச்சர். நானும் அதே இடத்துலதான் தப்பு பண்ணேன். நீங்களே பண்ணிட்டீங்கன்னு தெரிஞ்சதும் எனக்குப் பயம் போயிருச்சு."

எல்லாம் பார்த்தவன்

அந்த வீடியோ இன்னும் இருக்கிறது, கீழே திருத்தத்தோடு. என் வகுப்புக் கவின் அதையும் பார்த்ததாகச் சொன்னான். மற்றதையும் ஒன்று விடாமல் பார்த்தானாம். ஆனால் மாதச் சோதனையில் பாதித்தாள் வெள்ளையாகக் கிடந்தது. பொய் சொல்கிறான் என்று எனக்குக் கோபம்.

முன்னால் கூப்பிட்டேன். என் வீடியோ ஒன்றை ஓடவிட்டு, பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன?" என்றேன். டக்கென்று சொன்னான். அதே கணக்கில் எண்களை மட்டும் மாற்றிப் பலகையில் எழுதினேன். மார்க்கரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். பையன் பொய் சொல்லவில்லை. இத்தனை வீடியோவிலும் கணக்கைப் போட்டது நான் ஒருத்திதான். அவனைப் போடவிடவே இல்லை. இப்போதெல்லாம் பாடத்தின் நடுவே, "நிறுத்திட்டு நீ போட்டுப் பாரு, அப்புறம் வா" என்று சொல்கிறேன். அந்தப் புத்தியைக் கொடுத்தது அன்று கண் கலங்கியபடி அவன் சொன்னதுதான்.

"நீங்க போடும்போது எல்லாமே தெரியுது டீச்சர். நான் போடும்போதுதான் ஒண்ணும் தெரியல."

ஷாலினியின் கேள்விகள்

விழுக்காடு பாடத்துக்குக் கீழே ஷாலினி என்ற பெயரில் தினமும் ஒரு கேள்வி வரும். "250-ல் 15 என்றால் எத்தனை விழுக்காடு?" ஆறு என்று வழியோடு எழுதி, "நல்லாப் படி கண்ணு" என்று முடிப்பேன். என் வகுப்பு ஷாலினியை எல்லார் முன்னாலும் பாராட்டினேன். அவள் திருதிருவென்று விழித்தாள். கூச்சம் போல என்று விட்டுவிட்டேன்.

பெற்றோர் சந்திப்பில் அவள் அம்மா செல்வி, மகளை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டு மெல்ல ஆரம்பித்தார். சுங்கை வேயில் ஒரு ஃபேக்டரியில் பல வருஷமாக ஆபரேட்டர். சூப்பர்வைசர் வேலைக்கு ஒரு சோதனை வைப்பார்களாம்; இத்தனை பீஸில் இத்தனை ரிஜெக்ட் என்றால் எத்தனை விழுக்காடு என்று கணக்குப் போட வேண்டும். ஒரு தடவை எழுதித் தோற்றுவிட்டார். ஆறாம் ஆண்டுக்கு அடுத்த வகுப்பான படிவம் ஒன்றோடு படிப்பை நிறுத்தியவர். மகளிடம் கேட்க வெட்கம். ஃபேக்டரி பஸ்ஸில் போகவர என் வீடியோக்களைப் பார்த்து, மகளின் இணையக் கணக்கிலிருந்தே எனக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார்.

"அப்புறம், சோதனை என்னாச்சு?" என்றேன்.

"பாஸ் டீச்சர், அடுத்த மாசம் சூப்பர்வைசர். நீங்க 'கண்ணு கண்ணு'ன்னு எழுதினீங்களே, அது எனக்குத்தான். நான் படிச்ச காலத்துல ஒரு டீச்சர்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல லா."

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வீடியோ ஏற்றும் தளம் தினமும் எனக்கு எண்ணிச் சொல்கிறது. யார், எதற்காகப் பார்த்தார்கள் என்பதற்கு மட்டும் நான் பெற்றோர் சந்திப்பு வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.