கேட்டுத் தரும் காமரங்காய்

கத்தியைக் கையில் எடுத்த பிறகுதான் ஜவ்பர் பாஸ் கேட்பார். "ஒங்களுக்கு கிட்னி வருத்தம் ஏதும் இரிக்கா? மெய்யாச் சொல்லணும்."

எஞ்சின் திருத்தக் கொண்டுவந்தவன் சிரித்தால் கத்தி கீழே போய்விடும். "இல்ல பாஸ்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் காமரங்காயின் ஐந்து விளிம்புகளையும் சீவி, நட்சத்திரம் நட்சத்திரமாகக் குறுக்கே வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நீட்டுவார். "இங்கயே தின்னுங்க. ஊட்டுக்குக் கொண்டு போக வாணாம்."

கற்பிட்டியில் படகு எஞ்சின் திருத்துகிறவர்களில் மூத்தவர் அவர். அறுபத்து மூன்று வயது. எஞ்சினைத் திறக்கும் முன் அதன்மேல் காதை வைத்துக் கேட்பார். பாதி வருத்தம் அதிலேயே தெரிந்துவிடும். வேலையெல்லாம் பின்வளவுக் காமரங்கா மரத்தின் கீழ்தான். மணலில் அது காய்க்காது என்று ஊரே சொன்னது. மீன்கழிவைப் புதைத்து, கிணற்றுநீர் ஊற்றி, சோளகக் காற்றில் சாயாமல் பழைய நங்கூரக் கயிற்றால் இழுத்துக் கட்டி வளர்த்தார். மூன்றாம் வருடம் காய்த்தது. பழுத்தால் தேன்.

முன்பெல்லாம் அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. தெருவில் போகிற சைக்கிளை நிறுத்தி, ஒரு பை காயைக் கைப்பிடியில் மாட்டி அனுப்புவார்.

பீற்றர் கடலுக்குப் போகிறவர். ஜவ்பரின் முப்பது வருடக் கூட்டாளி. அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரம் இருமுறை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் வாட்டில் படுத்தபடி, "வாயெல்லாம் கசக்குதடா மச்சான். உன்ட காய் நாலு கொண்டு வா" என்றார். ஜவ்பர் நல்ல பழமாகப் பார்த்துப் பறித்துப் போனார். பீற்றர் கண்ணை மூடிக்கொண்டு, சாறு தாடையில் வழிய வழியத் தின்றார்.

அன்று மாலை விக்கல் தொடங்கியது. நிற்கவேயில்லை. மறுநாள் ஆள் தெரியாமல் பேசினார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

விக்கல் நிற்காத அந்த இரவு முடிந்து விடிந்தபோது, என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். பீற்றரின் மனைவி அல்பொன்சா சுடுதண்ணீர் எடுக்கக் கீழே போயிருந்தார். ஜவ்பர்தான் சொன்னார். டாக்டர் பேனையை மேசையில் வைத்தார். "கிட்னி நோயாளிக்கு அது நஞ்சு. யாருமே உங்களுக்குச் சொல்லவில்லையா?"

யாரும் சொல்லவில்லை. ஜவ்பரும் அல்பொன்சாவுக்குச் சொல்லவில்லை. கிட்னியால் போனார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அதையே சொன்னார்.

நாற்பதாம் நாள் கோடரியை எடுத்தார். இரண்டு வெட்டு விழுந்ததும், அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அல்பொன்சா ஓடிவந்து கையைப் பிடித்தார். "அவர் ஆசப்பட்ட மரம் நானா. வெட்டாதீங்க." மரம் நின்றது. ஒவ்வொரு நவம்பரிலும் மரித்தோர் திருநாளுக்கு முதல்நாள், கணவரின் கல்லறையில் வைக்கவென்று ஒரு சீலைப்பையோடு அல்பொன்சா வருவார். ஜவ்பர் பறித்துக் கொடுப்பார். அன்றிரவு சாப்பிடமாட்டார்.

இந்த வருடமும் வந்தார். பை நிறைந்ததும், "அவர் கடைசியா ருசிச்சுத் தின்டது உங்கட கையால நானா. அத நினைச்சாத்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்" என்றார்.

ஜவ்பர் எண்ணெய்த் தகரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்தார்; மறுபடியும் துடைத்தார்.

"தங்கச்சி, அந்தக் காய்தான் அவனக் கொண்டு போனது. டாக்டர் எனக்கிட்டச் சொன்னார். அல்லாஹ்மேல ஆணையா, குடுக்கக்குள்ள எனக்குத் தெரியாது."

அல்பொன்சா பைக்குள் இருந்த பழங்களைப் பார்த்தார்.

"மூணு வருசமாத் தெரியுமா நானா?"

"ஓம்."

அல்பொன்சா மணலில் குந்தினார். பைக்குள் கைவிட்டு, விளிம்பு நசுங்காமல் ஒவ்வொரு பழமாக எடுத்துக் கீழே வைத்தார். கடைசிப் பழத்தையும் வைத்தபின் எழுந்து, பையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே ஒட்டியிருந்த இலைகளை உதறினார். நாலாக மடித்தார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.