தாண்டிப் போகப் பழகியவள்

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதத் துணிந்தபோது அந்த நர்சுக்கு நாற்பது நெருங்கியிருந்தது. மாதிரித் தேர்வுகளாக எழுதித் தள்ளினாள். மதிப்பெண் அசையவே இல்லை. ஒரு கணக்கைப் பிடித்தால் விடை வரும்வரை விடமாட்டாள், அதற்குள் நேரம் ஓடிவிடும்.

"வார்டுல ஒருத்தர்கிட்டயே உட்கார்ந்துட்டா மத்தவங்கள யாரு பாக்குறது?" என்று காய் நறுக்கிக்கொண்டே கேட்டான் கணவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பின் புதுத் தாள்களைத் தொடவில்லை. பழையவற்றை எடுத்து, எங்கே மாட்டிக்கொண்டோம், எதைத் தாண்டியிருக்கலாம் என்று அலசினாள். பிடிவாதக்காரிக்கு வேப்பங்காயாய்க் கசந்தது, ஆனாலும் பழகிக்கொண்டாள். தேர்வில் சில கேள்விகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. இடம் கிடைத்தது.

"என் பொண்டாட்டி காலேஜ் போறா" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான் கணவன்.