பயிற்சிக்கு வந்த டீச்சர்கள்

தொடக்கப் பள்ளிக்கு டீச்சர்களைத் தயார் செய்வது என் வேலை. அதாவது, வகுப்பின் கடைசியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னொருவர் திணறுவதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள பள்ளிகளில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். கரும்பலகைக்கு முன்னால் ஒருமுறையாவது நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு அப்படித் திணறுகிறவர் பாடு புரியும்.

சத்தம் வராத மல்லிகா

மல்லிகா கீழ்பென்னாத்தூர்ப் பெண். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிற குடும்பம். படிப்பில் கெட்டி, குரல்தான் எழும்பாது. "இந்தப் பொண்ணு தேறாதுங்க மேடம்" என்று எங்கள் பயிற்சிப் பள்ளிக் கணக்கு சார் அவள் காதுபடவே சொல்லிவிட்டார். அன்று அவள் விடுதியில் சாப்பிடவில்லை.

முதல் பயிற்சி வகுப்பு, இரண்டாம் வகுப்புக்குச் சிங்கமும் எலியும் கதை. அவள் உதடு அசைந்தது தெரிந்தது; என்வரை ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் கசகசவென்று பேச ஆரம்பித்தார்கள். போச்சு என்று நினைத்தேன். அப்போது கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் மொத்த வகுப்பும் மல்லிகாவின் காலடியில் இருந்தது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கும் கதை கேட்க ஆசை. ஸ்டூலை இழுத்தேன். கிரீச்சென்றது. அந்தச் சிறுமி திரும்பி, உதட்டில் விரல் வைத்தாள்: "உஷ்! டீச்சர் ரகசியம் சொல்றாங்க. சத்தம் போடாம நீங்களும் வந்து குந்துங்க."

சரோஜாவின் மாமியார்

சரோஜாவுக்குக் கைக்குழந்தை. பயிற்சி வகுப்பு நாட்களில் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பள்ளி வாசலில் உட்கார்ந்திருப்பார். இடைவேளையில் சரோஜா போய்ப் பால் கொடுப்பாள். ஒருநாள் கழித்தல் கணக்கு நடத்தும்போது வெளியே குழந்தை வீறிட்டது. அவள் திரும்பவில்லை. ஆனால் சாக்பீஸ் பாதியில் நின்றுவிட்டது, ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உதட்டைக் கடித்தாள். பார்வையிட வந்தவர் குறுக்கிடக் கூடாது என்பது விதி. நான் எழுந்துபோய் சாக்பீஸை வாங்கிக்கொண்டு, "போம்மா, குடுத்துட்டு வா" என்றேன். திரும்பி வந்து மீதிக் கணக்கை அவளே முடித்தாள்.

மணி அடித்ததும் மாமியார் என்னிடம் வந்தார். மாமனார் படிப்பை நிறுத்தச் சொல்கிறார் என்று சரோஜா ஏற்கெனவே என்னிடம் அழுதிருந்தாள். இன்றோடு சரி என்று சொல்லத்தான் வருகிறார் என நினைத்தேன். அவர் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அவரு கத்தினா கத்தட்டும்ங்க. நாளைக்கும் தூக்கினு வரேன். எங்க வூட்ல கைநாட்டு நான் ஒருத்தி போதும்."

முதல் வரிசையில் ஒரு தூக்கம்

குமரேசன் முந்தின வருஷம் கற்பித்தல் தேர்வில் தவறியவன். இந்த முறையும் போனால் ஏர் பிடிக்க வந்துவிடு என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். அடி அண்ணாமலைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குத் தேர்வு. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிரித்தே யாரும் பார்த்ததில்லை. பாடம் தொடங்கியதுமே முதல் வரிசையில், அவர் கண்ணெதிரே, ஒரு பையன் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டான். குமரேசன் அவனை எழுப்பவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தான்.

முடிந்ததும் தேர்வாளர், "ஏன் எழுப்பல?" என்றார்.

"நேத்து பௌர்ணமி சார். மலை சுத்த வரவங்களுக்கு இவங்க அம்மா இட்லி போட்டு விக்கிறாங்க. ராவெல்லாம் இவனும் கூடவே முழிச்சிருப்பான். 'அ'னா நாளைக்கும் இருக்கும் சார்."

தேர்வாளர் எழுந்து வாசல் வரை போனார். அங்கே நின்று திரும்பி, குமரேசனிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்த ஜன்னலைச் சாத்துப்பா, பையன் மூஞ்சில வெயில் அடிக்குது."

இத்தனைக்கும் அந்த வருஷங்களில் நான் இவர்களுக்கெல்லாம் நடத்திய பாடத்தின் பெயர் 'வகுப்பறைக் கட்டுப்பாடு'.