ஷோஷோனிப் பாடத்தில் நான் வெட்டிய சொல்

வளைகுடாவில், அல் குசைஸில் ஓர் அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறேன். திருச்சியில் சோழர்களைப் படித்துவிட்டு, இங்கே வந்து, நான் கண்ணால் காணாத ஒரு நாட்டின் எல்லைச் சண்டைகளைச் சொல்லித்தருகிறேன். அந்த வருடம் மிகவும் சோர்ந்திருந்தேன். தினமும் ஆறு வகுப்பு, அதன்பின் வெயிலில் நின்று பிள்ளைகளை ஏற்றிவிடும் பஸ் டியூட்டி. வீட்டுக்குப் போனால் பேசக் குரல் இருக்காது.

எட்டாம் வகுப்பில், அமெரிக்கப் பூர்வகுடிகளான ஷோஷோனி மக்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வரும். குடியேறிகளின் வண்டிகள் அவர்களுடைய நிலத்தின் வழியே போயின. வண்டி மாடுகள் புல்லைத் தின்றன, வேட்டைக்கு விலங்கில்லை, பசி வந்தது. சிலர் வண்டிகளைத் தாக்கினார்கள். ஒரு குளிர்கால விடியலில், ஆற்றங்கரையில் தங்கியிருந்த கூட்டத்தை ராணுவம் சூழ்ந்துகொண்டது. பனிக்கட்டி மிதந்த நீரில் பெண்களும் குழந்தைகளும் குதித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். எங்கள் பாடநூல் இதைப் ‘போர்’ என்றது. விடைக்குறிப்பிலும் அதுதான்.

பரீட்சையில் ஒரு மாணவி, “அது போர் அல்ல, படுகொலை” என்று எழுதியிருந்தாள். நான் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, இரண்டு மார்க் குறைத்தேன். இப்போது பல வரலாற்றாசிரியர்கள் அவள் எழுதிய சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வெட்டினேன். இன்னும் இருபது தாள் பாக்கி இருந்தது.

விடைத்தாள் கொடுத்த மறுநாள், பள்ளி விட்ட பிறகு அவளுடைய அம்மா வந்தார். கிளினிக் சீருடை, கையில் மகளின் தாள். மார்க்குக்காகச் சண்டை போடும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்த நான், அவர் உட்காரும் முன்பே சொன்னேன்:

“புக்கில் என்ன இருக்கோ அதைத்தான் நாங்க திருத்த முடியும்மா.”

“மார்க் வேண்டாம், டீச்சர். ரெண்டு மார்க்கால அவளுக்கு ஒண்டும் வராது. ஒண்டு கேக்கத்தான் வந்தனான். இந்த வெட்டின சொல்லை அவளுக்கு நீங்கள் சொல்லிக் குடுத்தனீங்களோ?”

“இல்லையே. அவளாவே எழுதினது.”

அவர் தாளை மேசையில் வைத்தார். “நான் வன்னி. கடைசி நாளுகளில எங்களுக்கு முன்னால ஆமி, பின்னால கடல். என்ர தங்கச்சி தண்ணிக்குள்ள போனவள், திரும்பி வரேல்லை. பிள்ளைக்கு இதைப்பற்றி நான் ஒரு சொல் சொல்லேல்லை. இந்த ஊரில நிம்மதியா வளரட்டும் எண்டு விட்டிட்டன்.”

தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தொடவில்லை.

“நான் சொல்லாமலே அவளுக்கு விளங்கியிருக்கு. பிழையெண்டு மட்டும் வெட்டாதேங்கோ, டீச்சர்.”

சத்தம் உயரவில்லை, கண் கலங்கவில்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார். நாற்காலியில் சாய்ந்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு களைப்பு.

மறுநாள் மார்க்கைத் திருத்தக் கேட்டுத் துறைத்தலைவியிடம் போனேன். லெபனான்காரர், கெட்டவரில்லை. “விடைக்குறிப்பில் போர் என்று இருக்கிறது. ஒருத்திக்கு மாற்றினால் எல்லாரும் வருவார்கள். கலாஸ், விஷயம் முடிந்தது” என்றார்.

“அப்படியானால் விடைக்குறிப்புதான் தவறு” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் பதிலில்லை. பிறகு அந்தச் சொல்லையும் ஏற்கலாமென்று ஒரு வரி மெயில் வந்தது. வகுப்பில் அந்த மாணவியின் தாளை வாங்கி, வெட்டிய இடத்தின் மேல் “சரி” என்று எழுதி, “தப்பு என்னுடையது” என்றேன். அவள் தோளைக் குலுக்கி, பரவாயில்லை மிஸ் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பக்கத்துத் தோழியிடம் பேசத் தொடங்கினாள்.

அம்மா அவளிடம் ஏதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு எனக்கு ஆறாம் வகுப்புப் புவியியல் கொடுத்தார்கள். ஏனென்று கேட்கவில்லை. பஸ் டியூட்டி மட்டும் மாறவில்லை.