வரிசையில் ஒருத்தி குறைவு

பெண்கள் விடுதி வார்டனுக்கு உறக்கத்திலும் உதடு எண்ணிக்கொண்டேயிருக்கும். பட்டப்படிப்போடு ராணுவப் பயிற்சியும் தருகிற கல்லூரி என்றால், ஒரு தலை குறைந்தாலும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விசில்

போர்ட் பிளேரில் எங்கள் மைதானம் கடலை ஒட்டியிருந்தது, விடுதி மேட்டில். விசில் கேட்டால், வாயில் பற்பசை நுரை இருந்தாலும் நாற்பது பெண்களும் கீழே ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு அதே பெண்கள் பொருளாதார வகுப்பில் கொட்டாவி விடுவார்கள்.

பயிற்சி கொடுத்தவர் வேலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற ஹவில்தார். உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். கட்டளை இந்தியில், திட்டு தமிழில். முதல் நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஒரு பெண் அழுதுகொண்டே ஓடினாள். தடுத்து நிறுத்திச் சொன்னார்: "பயப்படும்மா, வேணாங்கல. வரிசைல நின்னு பயப்படு."

ஷூவோடு தூங்குகிறவள்

வனிதா நிக்கோபாரின் கட்சால் தீவிலிருந்து வந்தவள். அப்பா அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். இவள் பிறப்பதற்கு முன்னால் ஒரு மகனைச் சுனாமிக்குக் கொடுத்தவர். பயிற்சிச் சான்றிதழ் கிடைத்தால் போலீஸ் வேலைக்கு வழி உண்டு. அந்த வீட்டுக்கு வேறு வழி இல்லை.

கதவோரக் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஷூவோடு படுப்பாள். அறைத்தோழி மீனா, போர்ட் பிளேரிலேயே பத்துபஸ்தியில் கடை வைத்திருப்பவர் மகள், கேலி செய்யாமல் விடமாட்டாள். "அரே யார், ஃபீனிக்ஸ் பேல கப்பல் புடிக்கவா போற?" வனிதாவுக்குக் கோபமே வராது. "தரை ஆடுனா யாரையும் கேக்காத, மேட்டப் பாத்து ஓடுன்னு எங்கப்பா சொல்லிருக்காரு."

எண்ணிக்கை

ஒரு காலை தரை ஆடியது. ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடிப்பதுபோல் சத்தமிட்டன. கட்டடத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டுமே என்ற பதற்றத்தில் உஸ்தாத் விசிலை ஊதிவிட்டார். பழகிய கால்கள். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் மேட்டிலிருந்து இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி வரிசையில் நின்றார்கள். நானும் பதிவேட்டோடு பின்னால் ஓடினேன்.

எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். வனிதா பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். பிறகுதான் தண்ணீரைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எல்லா அலையும் பின்வாங்குவதாகவே பட்டது. பக்கத்தில் உஸ்தாதும் திரும்பிக் கடலைப் பார்த்தார். வரிசையிலிருந்து மீனாவின் குரல் வந்தது: "மேடம், அவ ஹாஸ்டல் பின்னால குன்று மேல நிக்கறா. நாமளும் போலாமா?"

விசாரணை

அலை வரவில்லை. நாலாம் நாள் விசாரணைதான் வந்தது. கட்டளையின்றி அணியை விட்டு ஓடியதாக வனிதா மேல் குற்றம். நிரூபணமானால் சான்றிதழ் கிடையாது. ஒரே சாட்சியம் என் பதிவேடு. பத்திரமான இடத்தில் நின்ற ஒருத்தியை நான்தான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அதைச் சொல்லாமல் பதிவேட்டை மேசைமேல் வைத்தேன்.

"அலை வந்ததா?" என்றார் பயிற்சிக்குப் பொறுப்பான கமாண்டன்ட். "வரல சார்" என்றாள் வனிதா. அப்போது உஸ்தாத் விறைப்பாக ஓரடி முன்னால் வந்தார். "நான்தான் சார் மேல ஓடச் சொன்னேன். மத்த முப்பத்தொன்பது பேர் காதுல விழல."

கமாண்டன்ட் என்னைப் பார்த்தார். அன்று உஸ்தாதுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவள் நான். பொய்க்குத் தலையாட்ட வேண்டும். தெரிந்துவிட்டால் இந்த வயதில் என் வேலையும் போகலாம். ஆட்டினேன். அவர் விசாரணைக் கோப்பை மூடினார். "அடுத்த முறை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள், உஸ்தாத்."

ஒருத்தி நிறைவேற்றி முடித்து நாலு நாள் கழித்துக் கொடுக்கப்பட்ட கட்டளையை, என் வேலைக்காலத்தில் அன்று ஒரு நாள்தான் கேட்டேன்.