கோணக்காவும் கிண்ணத்துக் குண்டும்

தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் கோணக்கா. காவலாளி முதல் முதலாளி வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். காலையில் வந்ததும் ஒரு பலகையைச் சாய்ப்பது, எத்தனை பாகை கோணத்தில் சாய்ந்தது என்று பார்ப்பது, மறுபடி நிமிர்த்துவது என்று இதையே பிழைப்பாக வைத்திருப்பவளுக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்? வீட்டுக்குப் போனாலும் அந்தப் புத்தி போகாது. சாப்பிடத் தட்டை எடுத்தால், கழுவிய ஈரம் எந்தச் சாய்வில் ஓடத் தொடங்குகிறது என்று பார்ப்பாள். "தட்டு சாப்பிடுறதுக்கும்மா, அளக்குறதுக்கு இல்ல," என்பார் மாமியார். ஒருநாள் அதே மாமியார் யாரும் இல்லாத நேரத்தில் தட்டைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்ததை இவள் பார்த்துவிட்டாள். 

அங்கே செய்வது சாய்வு ஸ்விட்ச். விரலால் அழுத்த வேண்டியதில்லை. பொருள் சாய்ந்தால் தானாகவே மின்சாரத்தைச் சேர்க்கும் அல்லது வெட்டும். தட்டிக் கவிழ்த்தால் தானே அணைந்துபோகும் ஹீட்டருக்குள் ஒன்று இருக்கும். பழைய வகையில் கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சொட்டுப் பாதரசம். குப்பி சாய்ந்தால் பாதரசம் ஓடிப்போய் இரண்டு கம்பிகளை இணைக்கும். குப்பி உடைந்தால் விஷம் என்பதால் இப்போது பல இடங்களில் உலோகக் குண்டுதான்.

வடிவமைப்பு அறைக்கு வந்து வருஷங்கள் ஆகியும் கோணக்காவுக்கு ஒரு வியப்பு மட்டும் தீரவில்லை. இந்த ஸ்விட்சை அழுத்துகிற விரல் யாருடையது? பூமியுடையது. அவ்வளவு பெரிய பூமி, சுண்டுவிரல் நகத்தளவுக் குண்டைக்கூட மறக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பாட்டரி தீரும், கம்பி துருப்பிடிக்கும், காவலுக்கு வைத்த ஆள் கண்ணசந்துவிடுவான். அந்த இழுப்புக்கு லீவே கிடையாது. இதை நினைக்கும்போது அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று கணவரிடம் மட்டும் சொல்வாள். அவரும் சிரிப்பார், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

அவர் தெருவிளக்குகளைப் பழுதுபார்ப்பவர். வண்டியின் முதுகில் மடிந்து கிடக்கும் இரும்புக் கை, அதன் நுனியில் ஆள் நிற்க ஒரு கூண்டு. கை நீண்டால் கூண்டு மூன்று மாடி உயரத்துக்குப் போகும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் கையும் கூண்டும் அவரும் ஒன்றாகத் தரைக்கு வந்து சேர வேண்டியதுதான். அந்த வண்டிகளுக்குச் சாய்வு ஸ்விட்ச் கேட்டு ஆர்டர் வந்தபோது மற்றவர்களுக்கு அது இன்னொரு வேலை. கோணக்காவுக்கோ சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர வேண்டிய ஆளின் உயிர்.

முதலில் செய்தது ஒரு சின்ன டப்பா, அதற்குள் ஒரு குண்டு. வண்டி சாய்ந்தால் குண்டு உருண்டு ஓரத்துக் கம்பிகளைத் தொடும். ஹாரன் அலறும், இரும்புக் கை நின்றுவிடும். சோதனை மேசையில் சொன்ன பேச்சைக் கேட்டது. வண்டிகளிலும் மாட்டியாயிற்று. "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கு, ஒரு தொந்தரவும் இல்ல," என்றார் கணவர். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு மத்தியானம் கடைக்குப் போகும் வழியில் அந்த வண்டி தெருவோரம் நிற்பதைப் பார்த்தாள். தன் கைவேலையைப் பார்க்கும் ஆசையில் உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையோடு இறுக்கியிருந்த டப்பாவைக் காணோம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கொக்கியில், சணல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கொத்தனாரின் தூக்குக் குண்டு மாதிரி. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன? தொங்குகிற டப்பா நேராகவே தொங்கும், உள்ளே குண்டு நிம்மதியாகத் தூங்கும். இதைச் செய்தவன் முட்டாள் இல்லை, ஸ்விட்சை நன்றாகப் புரிந்துகொண்டவன்.

வண்டி ஓட்டுபவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். "சித்தப்பா, இது யாரோட வேலை?" என்று கேட்டாள். அவர் வானத்தைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். "வீட்டுலயே கேட்டுக்கோம்மா," என்றார்.

அன்று சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா தொங்குது?"

"மாட்டின வாரத்துலேர்ந்து."

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

"தொங்கவிட்டப்புறம் நல்லாத்தான் இருந்துச்சு."

"உயிர் மேல ஆசை இல்லையா உங்களுக்கு?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் கூண்டுல குனிஞ்சா கத்துது. பக்கத்துல பஸ் போனா கத்துது. ஒவ்வொரு தடவையும் கை பாதியில நின்னுடுது, நான் அந்தரத்துல நிக்கிறேன். நான் தொங்குறதுக்குப் பதிலா அது தொங்கட்டும்னு கட்டிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. எந்த வாயால சொல்றது?"

இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. அந்தக் கோபத்தில் பாதி தன் மேலேயே என்பது அவளுக்குத் தெரியும். ஓயாமல் பொய் சொல்கிறவனின் வாயை ஊரார் கட்டத்தான் செய்வார்கள். அவளுடைய ஸ்விட்ச் குலுக்கலைச் சாய்வு என்று சொன்னது, அதுதான் பொய்.

குலுக்கலுக்கும் சாய்வுக்கும் என்ன வித்தியாசம்? குலுக்கல் விருந்தாளி, வந்த வேகத்தில் போய்விடும். சாய்வு வந்தால் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அப்படியானால் குண்டு அவசரப்படக் கூடாது. தட்டு என்றே சொல்லத்தக்க ஆழமில்லாத ஒரு கிண்ணத்தை உலோகத்தில் கடைந்து தரச் சொன்னாள். நடுவிலிருந்து ஓரம் வரை மூன்று பாகை ஏற்றம். வண்டி மூன்று பாகைக்கு மேல் சாய்ந்தால் அந்த ஏற்றமே ஒரு பக்கத்தில் இறக்கமாகிவிடும், குண்டு வெளியே உருளும். குண்டை மெதுவாக்கக் கிண்ணம் நிறைய எண்ணெய். எண்ணெய் மெலிந்திருந்தால் பழையபடி கத்தியது. கெட்டியாக இருந்தால், வண்டி கவிழ்ந்து முடிந்த பிறகு ஆற அமரச் சொல்லும் போலிருந்தது. எத்தனையோ எண்ணெய்கள் வந்து போய், கடைசியில் ஒன்று பொருந்தியது.

இணைப்பையும் தலைகீழாக மாற்றினாள். குண்டு நடுவில் உட்கார்ந்தால் அதன் எடை ஒரு மெல்லிய ரப்பர் சவ்வை அழுத்தும். சவ்வுக்குக் கீழே, எண்ணெய் படாத இடத்தில், இரண்டு தகடுகள் சேரும். சேர்ந்திருக்கும்வரைதான் இரும்புக் கை நகரும். குண்டு விலகினாலும் நிற்கும், கம்பி அறுந்தாலும் நிற்கும்.

கண்ணாடி மூடி போட்ட முதல் கிண்ணத்தை அதிரும் மேசையில் வைத்தாள். எண்ணெய் நடுங்கியது, குண்டு அசைந்து அசைந்து நடுவுக்கே திரும்பியது. தகடுகள் சேர்ந்திருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிறகு மேசையை நிறுத்தி, ஒரு பக்கத்தை மெல்ல மெல்லத் தூக்கினாள். ஒன்று. இரண்டு. குண்டு அசையவில்லை. மூன்றைத் தாண்டியதும், யாரோ கூப்பிட்டதுபோல, அது எழுந்து போனது. விளக்கு அணைந்தது.  கணக்குப் போட்டது அவள்தான், ஆனால் கூப்பிட்டது அவள் இல்லை.

கணவரின் வண்டியில் பழைய டப்பா போய்ப் புதியது வந்தது. நாளாக ஆக, சாப்பிடும்போது அவராகவே சொல்ல ஆரம்பித்தார். "பஸ் போச்சு, கம்முனு இருக்கு. குனிஞ்சேன், நிமிர்ந்தேன், கம்முனு இருக்கு." அவள் தலையாட்டுவாள். உள்ளுக்குள் மட்டும் பயம் போகவில்லை, ஒரு தடவை சூடு கண்டவள் அல்லவா?

மழை விட்டிருந்த ஒரு காலையில் லீவு போட்டுவிட்டு வேலை நடக்கும் தெருவுக்கே போனாள். வடிகால் ஓரமாக வண்டி நின்றது. வண்டி கவிழாமல் தாங்கும் பக்கவாட்டு இரும்புக் கால்களைப் பலகைகள் மேல் ஊன்றியிருந்தார்கள். கணவர் உச்சியில் ஒரு விளக்கின் மூடியைக் கழற்றிவிட்டு, கூண்டை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டினார். ஹாரன் அலறியது. கை நின்றது.

கோணக்கா வண்டியைப் பார்த்தாள். நேராகத்தான் நின்றது. பஸ் வரவில்லை, காற்றும் இல்லை. சித்தப்பா தலையைச் சொறிந்தார். கூடியிருந்த இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் முகம் எரிந்தது. எண்ணெய் ஒழுகியிருக்கும், சவ்வு கிழிந்திருக்கும், மறுபடியும் பொய். "என் தப்புதான் சித்தப்பா. அவர் வேலைய முடிக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டே, ஸ்விட்ச் நிறுத்தினாலும் இரும்புக் கையை நகர்த்தவிடும் சிவப்புப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாத." மேலிருந்து வந்த குரலில் பதற்றமில்லை. "கைய எடு. சித்தப்பா, காலெல்லாம் பாருங்க."

சித்தப்பா குனிந்து சுற்றி வந்தார். வடிகால் பக்கம் போனதும் அப்படியே நின்றுவிட்டார். ஈர மண்ணில் ஒரு காலின் பலகை ஒரு கையகலத்துக்கு மேல் அமிழ்ந்திருந்தது. எப்போது தொடங்கியதோ, சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஓடிப்போய், இரும்புக் கையைத் தரையிலிருந்தே இறக்கும் அவசர வால்வைப் பிடித்தார். கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, பிறகு கீழே இறக்கினார். அந்த நேரம் முழுக்க அவள் வண்டியைப் பார்க்கவில்லை, கணவரின் காலணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தரைக்கு வந்ததும், "மேலேர்ந்து தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். 

"ஒண்ணுமே தெரியல. நேரா நிக்குதுன்னுதான் நினைச்சேன்."

"அப்புறம் ஏன் தொடாதன்னீங்க?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "இத்தனை நாள்ல அது என்கிட்ட ஒரு பொய் சொல்லல. நான்தான் உன்கிட்ட சொல்லியிருக்கேன்."

கோணக்கா ஈர நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் கையுறைகளைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.